ஒரே பெல்ட்டுக்கு அண்ணியும் நாத்தனாரும்

மேடையில் அவளுக்குச் சூறாவளி என்று பெயர். பகலில் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் நின்று ஈரப் படுக்கை விரிப்புகளை நீராவி உருளைக்குள் கொடுத்துக்கொண்டிருப்பாள். வாரக் கடைசியில் முகத்தில் வெள்ளிப் பூச்சோடு மல்யுத்த ரிங்கில் ஏறுவாள். சந்தைப் பக்கத்து அரங்கில் பெண்களுக்கான சாம்பியன் பெல்ட் அவளிடம் இருந்தது. பஸ் நிலையத்துப் பக்கத்து அரங்கின் பெல்ட் தேள் என்ற பெயரில் ஆடியவளிடம் இருந்தது. தேள், சூறாவளியின் கணவனுக்கு உடன்பிறந்த தங்கை. ஒரே வீட்டில் மாடியில் குடியிருந்தாள்.

இருவருக்கும் ஆகாது. தேள் துவைத்த துணியைப் பிழியாமல் காயப்போட்டால், கீழே காய்ந்துகொண்டிருக்கும் அண்ணியின் துணிமேல் சொட்டும். தேள் தலைக்குச் சோப்புப் போட்ட நேரம் பார்த்து அண்ணி தண்ணீர் மோட்டாரை நிறுத்துவாள். நடுவில் மாட்டிக்கொண்டவன் கணவன். இரண்டு அரங்குகளிலும் ரிங் பூட்டிக் கழற்றும் வேலை அவனுடையது. வேலை முடிந்து வந்தாலும் வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே நேரம் கடத்துவான்.

ஒருநாள் இரண்டு அரங்குகளையும் நடத்தும் முதலாளி இருவரையும் கூப்பிட்டார்.

"இனிமே ரெண்டு பெல்ட் கிடையாது. ஒண்ணுதான். நீங்க ரெண்டு பேரும் மோதுங்க. தேள் ஜெயிக்கும்."

யார் ஜெயிப்பது என்பது எப்போதும் அவர் வாயிலிருந்துதான் வரும். ஆனால் விழுவது நிஜம். தூக்கிப் போடுகிறவள் சொன்ன இடத்தில் சொன்னபடி போடுவாள் என்று நம்பித்தான் ஒருத்தி இன்னொருத்தியிடம் கழுத்தைக் கொடுக்கிறாள்.

"ஒரு பெல்ட் போச்சுன்னா ஒரு அரங்கு போச்சு," என்றாள் சூறாவளி. "பெரிய போட்டி இல்லாத அரங்குக்கு எவன் டிக்கெட் எடுப்பான்? அங்க ஆடுற பொண்ணுங்கள்லாம் எங்க போவாங்க?"

"உங்களுக்கு அந்தப் பொண்ணுங்க கவலை இல்ல அண்ணி, பெல்ட் கவலை," என்றாள் தேள். "ஊர்ல ரெண்டு சாம்பியன்னா கேக்கறவன் சிரிக்கிறான். 'இதுல யாரு ஒரிஜினல்'னு என்கிட்டயே கேக்கறான்."

"நீ டூப்ளிகேட்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"அண்ணியாச்சேன்னு பாக்கறேன். இல்லன்னா..."

"இல்லன்னா என்ன கிழிப்பே?"

முதலாளி மேஜையைத் தட்டினார். பேச்சு முடிந்தது. தேள் சொன்னதிலும் உண்மை இருந்தது என்பது சூறாவளிக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

போட்டி நாளன்று சந்தை அரங்கு நிரம்பி வழிந்தது. பேசி வைத்தபடியே ஆட்டம் போனது. கடைசியில் சூறாவளி மல்லாந்து விழ, தேள் அவள் தோள்களை அழுத்திக்கொண்டு படுத்தாள். நடுவர் தரையைத் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்றுக்குக் கை இறங்குவதற்குள் சூறாவளி தோளைத் தூக்கிவிட்டாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க? படுங்க," என்று தேள் காதில் சீறினாள்.

"படுக்க வச்சுப் பாரு."

தேள் ஓங்கி அறைந்தாள். நடிப்பு அறை இல்லை. சூறாவளியின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அப்புறம் நடந்தது எதுவும் பேசி வைத்ததில்லை. சொட்டிய துணியும் நின்ற தண்ணீரும் இத்தனை வருஷத்துப் பொருமலும் சேர்ந்து ரிங்கில் புரண்டன. கத்திக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிப்போனது. கயிற்றோரம் நின்ற கணவன், "போதும், ரெண்டு பேரும் விடுங்க!" என்று கெஞ்சினான். தேளுக்கு முழங்கால் பிசகியது. எழ முடியவில்லை. சூறாவளி அவளைப் புரட்டிப்போட்டு மேலே விழுந்தாள். நடுவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. கூட்டம் தானாகவே எண்ண ஆரம்பித்தது. நடுவருக்கு வேறு வழியில்லை, தட்டினார்.

பெல்ட் வந்தது, அதோடு எல்லாம் நின்றது. எந்தப் பெண்ணும் அவளோடு ரிங்கில் ஏறச் சம்மதிக்கவில்லை. "பேச்சு மாறினவ கையில என் கழுத்தக் குடுக்க முடியாதுக்கா," என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவள் பயந்தபடியே பஸ் நிலையத்து அரங்கும் மூடப்பட்டது. அங்கே ஆடிய பெண்களில் பாதிப்பேர் வேறு வேலைக்குப் போனார்கள். அவர்களில் ஒருத்தி சலவைப் பிரிவிலேயே சேர்ந்தாள். பக்கத்து உருளையில் நின்றும் சூறாவளியிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

முழங்கால் தேறியதும் தேள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். சூறாவளி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்; திரும்பவில்லை.

"நான் ஏறுறேன்," என்றாள் தேள். "முதலாளிகிட்ட சொல்லிட்டேன். அந்தக் கூட்டத்த மறுபடியும் பாக்கணுமாம் அவருக்கு."

"இரக்கமா?"

"மண்ணாங்கட்டி. மத்தவங்க உங்கள நம்பினாத்தான் ஏற முடியும். எனக்கு உங்கள நம்பணும்னு அவசியமே இல்ல. எப்பவும் நம்பினதில்ல."

"இந்தத் தடவை யாரு ஜெயிக்கணுமாம்?"

"அத அவரு சொல்லல. சொல்லி என்ன ஆகப்போவுதுன்னுட்டாரு."

சூறாவளி கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "முழங்கால்ல கட்டு போட்டுக்கிட்டு வா. அங்கதான் அடிப்பேன்."

"உங்க உதடு ஆறிடுச்சா? அதையும் மூடிக்கிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டுத் தேள் படியேறினாள்.

கணவன் வாசலில் ரிங் கம்பிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். உள்ளே கேட்ட பேச்சு முழுவதும் அவன் காதில் விழுந்திருந்தது. கயிறுகளை இன்னும் இறுக்கிக் கட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.