வலப்பக்கம் மேலே வந்த பொம்மைகள்

முகம் இல்லாத பொம்மை அது. கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது. வெள்ளைக் காகிதத்தில் தலை, கறுப்புக் காகிதத்தைச் சுருக்கிக் கொண்டை, பூப்போட்ட காகிதத்தை மடித்து மடித்து உடுப்பு. ஜப்பானில் இப்படித்தான் செய்வார்களாம். பார்க்கிறவர் தன் மனசுக்குத் தோன்றிய முகத்தை நினைத்துக்கொள்ளலாமாம். பயிற்சியின் முதல் நாள் எங்கள் மேடம் இதை மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சொன்னார். காத்திவாக்கத்துப் பெண்கள் முப்பது பேர் ஒரே ஹாலில் உட்கார்ந்தால் இறால் வாடை வரத்தான் செய்யும். அது பிடிக்காத மகராசி எங்கள் எண்ணூருக்கு எதற்கு வந்தார் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

கடலோரக் கழியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து இறால் குறைந்துபோனதால், அந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்று எங்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்கக் கிளம்பியது. அதன் கூட்டாளிகள் ஜப்பான்காரர்கள், அதனால் ஜப்பான் பொம்மை. இறாலுக்குப் பதில் பொம்மை! எந்த மூளையில் உதித்ததோ, அந்த மூளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். மூன்று மாதத்தில் ஜப்பானிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருவார்கள், எங்களில் ஒருத்தியை நிரந்தரமாகப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொள்வார்கள் என்றார்கள். அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் படகில் இடுப்பில் அடிபட்டுப் படுத்த படுக்கையாக இருந்தார். நான் நாளெல்லாம் கழித் தண்ணீரில் நின்று இறால் தடவிப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே புண் ஆறாமல் கிடந்தது. நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் அப்போது எனக்கு சொர்க்கம்.

மேடத்துக்குப் பொம்மை செய்யத் தெரியாது. இதைவிட மரியாதையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. செல்போனில் ஒரு ஜப்பான் பெண் தன்னைத்தானே எடுத்துப் போட்டிருந்த வீடியோவை ராத்திரி பார்த்துவிட்டு, காலையில் வந்து எங்களுக்கு ஓதுவார். பசை அதிகம், விரல் தடிமன், மடிப்பு கோணல் என்று எங்களைக் கரித்துக்கொட்டுவார். அவர் கையால் செய்த பொம்மை மழையில் நனைந்த கோழி மாதிரி இருக்கும். அதைத்தான் மாதிரி என்று மேசைமேல் வைத்திருந்தார். காகிதத்தைத் தொடும் முன்பு நாங்கள் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அவர் கழுவி நான் பார்த்ததில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்த அக்காவுக்கு வலை பின்னிப் பழகிய கை. ஒரு தரம் பார்த்தால் போதும், விரல் தானாகவே செய்துவிடும். காகிதக் கட்டோடு செய்முறைப் படம் ஒன்று வந்திருந்தது. அதைப் பார்த்து அக்கா, உடுப்பின் கழுத்தில் பொம்மையின் இடப்பக்கம் மேலே வரும்படி மடித்தார். மேடம் வந்து நின்றார்.

“வீடியோல வலப்பக்கம்தானே மேல வருது? கண்ணு தெரியலையா?”

“படத்துல வேற மாரி கீதே மேடம்.”

“படத்த மாத்தி அச்சடிச்சிருப்பாங்க. பிரிச்சு மடிங்க.”

சொன்னதோடு நிற்காமல் அவரே அந்தப் பொம்மையைப் பிய்த்துப் போட்டார். நானும் படத்தைப் பார்த்தவள்தான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. டீ நேரத்தில் குழாயடிக்குப் போய் இரண்டு பேரும் மேடத்தை வயிறாரத் திட்டுவோம். “இன்னாமே, ஒரு மண்ணும் தெரியாமயே இந்த அலட்டு அலட்டுது!” என்று அக்கா சிரிப்பார். நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

பெரியவர்கள் வந்தார்கள். மேசையில் நாற்பது பொம்மைகள் வரிசையாக நின்றன. வயதான ஜப்பான் அம்மாள் ஒருவர் சிரித்துக்கொண்டே ஒன்றைக் கையில் எடுத்தார். சிரிப்பு நின்றது. அடுத்ததை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். பிறகு கூட வந்த மொழிபெயர்ப்பாளரின் காதில் ஏதோ சொன்னார். அவர் அதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னார்: வலப்பக்கம் மேலே வரும்படி உடுத்துவது அவர்கள் ஊரில் செத்தவர்களுக்கு மட்டும்தானாம். ஐயோ கடவுளே! விருந்தாளிகளை வரவேற்க நாற்பது பிணத்தை ஜோடித்து நிறுத்தியிருக்கிறோம்.

மேடம் அசரவில்லை. “இவங்களுக்கு எவ்ளோ சொன்னாலும் மண்டைல ஏறாது சார்” என்றார் கம்பெனி அதிகாரியிடம். பிறகு என்னைப் பார்த்தார். “நீ சொல்லும்மா. யாரு இப்படி மடிக்க ஆரம்பிச்சது?”

நிரந்தர வேலைக்குப் பெயர் எழுதிக்கொடுக்கப்போவது மேடம்தான். எனக்கு அது தெரியும். அக்கா என் முழங்கை தொடும் தூரத்தில் நின்றிருந்தார்.

“அக்காதான் சார். அவங்களப் பாத்துதான் நாங்க எல்லாம் மடிச்சோம்.”

வேலை கிடைத்தது. மேடம் வேறு ஊர்ப் பெண்களுக்கு மெழுகுவத்தி செய்யக் கற்றுக்கொடுக்கப் போய்விட்டார். நான் வேலையில் சேர்ந்த பிறகு அந்த வீடியோவை மொழிபெயர்ப்பாளரிடம் காட்டினேன். அவர் பார்த்த உடனே சிரித்துவிட்டார். கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக மாறிப் பதிவான வீடியோ அது. சுவரில் இருந்த எழுத்தெல்லாம் திரும்பித்தான் தெரிந்ததாம். ஜப்பான் எழுத்து நேராக இருந்தால் என்ன, திரும்பி இருந்தால் என்ன, எங்களில் யாருக்குத் தெரியும்? மேடத்துக்கும் தெரியவில்லை. இன்று அதே ஹாலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, இடப்பக்கம் மேலே வர வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கிறேன். என்னையும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

விருந்தாளிகள் போன அந்தச் சாயங்காலம், ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்றபோது நான் அழுதுகொண்டே மேடத்தைத் திட்ட ஆரம்பித்தேன். பாவி என்னை எப்படி மாட்டிவிட்டாள் பார்த்தாயா அக்கா என்றேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“வேல கெட்ச்சா செய்யி. நான் வலய வெச்சிப் பொயச்சிக்கிறேன். ஆனா அந்தம்மாவ இனிமே நீ திட்டாத. அது தெரியாம மடிச்சிது. நீ தெரிஞ்சு சொன்ன.”

அக்கா சொல்லிப் பல வருடம் ஆகிறது. நான் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.