மூன்று இடம் மாறிய மாடுகள்

கல்யாணமாகி மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்துக்கு நான் வந்தபோது என் வீட்டுக்காரரிடம் பதினெட்டு மாடுகள் இருந்தன. எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு அடியில் மேயும். புல் தீர்ந்தால் அடுத்த தோட்டத்துக்கு ஓட்டிப் போவோம். மாமனார் காலத்திலிருந்தே அப்படித்தான். போன இடத்திலும் புல் இல்லாமல் போனது அந்த வருஷம்தான்.

மாதக்கணக்கில் மழை இல்லை. புல் காலில் பட்டாலே ஒடிந்தது. வாய்க்காலில் தண்ணீர் வற்றி, கடல் தண்ணீர் மேலேறி வந்தது. மாடுகள் வாயை வைத்துவிட்டுத் தலையை உதறின. குழாய்த் தண்ணீரைக் கேன்களில் பிடித்து, மோட்டார் சைக்கிளில் கட்டி நாளெல்லாம் சுமந்தேன்.

"இன்னொரு வாரம் பாப்போம்லா," என்றேன்.

"அதுவரைக்கும் மாடு நிக்காது. கெளம்பு," என்றார்.

லோரி பிடித்து கோலா சுங்கை பாரு பக்கம் போனோம். அங்கே ஒரு மலாய்க்காரப் பெரியவர் தன் தரிசு நிலத்தில் மேயவிட்டார். ஆறு வாரத்தில் அதுவும் கருகியது. மூன்றாவதாகப் போன தோட்டத்தில் புதிதாகச் செம்பனைக் கன்று நட்டிருந்தார்கள். மாடு உள்ளே வரக்கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சாலையோரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். லோரிச் சத்தம் கேட்டாலே கயிற்றை இழுத்து மாடுகளை ஓரம் கட்டுவேன்.

ஒரு மத்தியானம் சினைப்பசு ஒன்று படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. அவர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நான்தான், "வித்துருவோம். நம்ம கண்ணு முன்னால ஒவ்வொண்ணா சாக வேணாம்," என்றேன். வியாபாரிக்கு அவரே போன் செய்தார்.

மாடுகள் போன இரண்டாவது வாரம் மழை கொட்டியது. பத்தே நாளில் எங்கும் பச்சை. அதைப் பற்றி இன்றுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் அழுதாவது தீர்த்திருப்பேன்.

இப்போது புக்கிட் காத்திலில் வாடகை வீடு. எனக்குப் பல் கிளினிக்கில் வேலை. அவர் காவல் வேலைக்குப் போனார். நாற்காலியில் உட்கார முடியாமல் வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பாராம்.

போன மாதம் ஜாசினில் ஒருவர் பத்து மாடுகளைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார்.

"மறுபடியும் காஞ்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"தெரியல," என்றார்.

ஆனாலும் அந்த வேலைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறார். ஒரு வாரம் மழை பெய்யாவிட்டால், நானே போன் செய்து அங்கே புல் எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன்.