பூனைக்கு முதல் துண்டு

எழுபதுகளின் தொடக்கத்தில், ஆத்தூர்ப் பக்கமிருந்து நாமக்கல் அருகே ஒரு பருத்திக்காட்டுக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தேன். என் பேச்சைக் கேட்டு மாமியார் சிரிப்பார். அவர் வீட்டை ‘ஊடு’ என்பதைக் கேட்டு நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

எங்கள் காடு சரிவானது. அடிவாரத்தில் ஒரு குட்டை. பருத்திக்கு எண்ட்ரின் பூச்சிமருந்து அடித்த வாரத்தில் மழை பிடித்துக்கொண்டால் காட்டுத் தண்ணீர் முழுவதும் அங்கேதான் இறங்கும். மறுநாள் காலையில் கெண்டையும் கெளுத்தியும் மயங்கி, வாயைப் பிளந்தபடி மேலே வந்துவிடும். வலை வேண்டாம், தூண்டில் வேண்டாம், ஒரு கூடை போதும். என் கணவருக்கு மீன் என்றால் உயிர். மழை நின்றதும் மற்றவர்கள் பயிரைப் பார்க்கப் போவார்கள், இவர் குட்டையைப் பார்க்கப் போவார்.

முதல் தடவை அந்தக் கூடையைப் பார்த்ததும் அதைத் தொடவே பயந்தேன்.

“ஏங்க, மருந்துல மயங்கின மீனை எப்படிங்க திங்கறது?” என்றேன்.

அவர் வாயைத் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார். “அதுக்குத்தானே அம்மிணி பூனை இருக்குது. அது தின்னு ஒண்ணும் ஆகலீன்னா நமக்கும் ஒண்ணும் ஆகாது.”

குடலை எடுத்து எறிந்துவிட்டு, உப்பும் புளியும் மஞ்சளும் போட்டுக் கை நோகத் தேய்த்துக் கழுவுவோம். ஒரு துண்டை மட்டும் வேகவைத்துப் பூனைக்கு வைப்போம். அது தின்றுவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, பருத்திக் குவியலில் போய்ப் படுத்துவிடும். நான் மசாலா அரைத்தபடியே அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது எழுந்து சோம்பல் முறித்தால் குழம்பைக் கூட்டலாம் என்று பொருள். ஒரு தடவைகூட அதற்கு எதுவும் ஆனதில்லை. எனக்கும் பயம் விட்டுப்போயிற்று. பொய் சொல்வானேன், அந்தக் குழம்பின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. கொழுப்புள்ள வயிற்றுத் துண்டுகள் வீட்டு ஆம்பிளையின் வட்டிலுக்கு, அடுத்தது பிள்ளைகளுக்கு, வாலும் குழம்பும் மாமியாருக்கும் எனக்கும். அதுதான் அந்த வீட்டு முறை.

எண்பதுகளில் மாமியார் போய்ச் சேர்ந்தார். காட்டில் பருத்தியும் குறைந்து மரவள்ளிக்கிழங்கு வந்துவிட்டது. என் கணவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருடைய வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓயாமல் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. விதைப்புக்கு முன்னால் பருத்திக் கொட்டையைச் சாணிப்பாலில் உருட்டுவோமே, அந்த மாதிரி. பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. வட்டிலிலிருந்து வாய்க்குப் போவதற்குள் சோறு பாதி மடியில் கொட்டியது. நான் ஊட்டிவிடுகிறேன் என்றால் முகம் சிவந்துவிடும்.

“நான் என்ன கைப்புள்ளையா? கைய எடு.”

விருந்து வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் நிறுத்தினார். எல்லோரும் எழுந்த பிறகு, சுவரைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டார்.

சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். நடுக்குவாதம் என்றார். பூச்சிமருந்தை வெறுங்கையால் கலப்பீர்களா என்று கேட்டார். இவர், “பின்னே எந்தக் கையிலீங்க கலக்கறது?” என்று திருப்பிக் கேட்டார். நான் மீன் கதையைச் சொன்னேன், பூனை உட்பட. டாக்டர் சிரிக்கவில்லை.

“இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. கலக்கின கையா இருக்கலாம், தின்ன மீனா இருக்கலாம், ரெண்டும் இல்லாமலும் வரலாம். ஆனா சில விஷம் கொழுப்புல போய்த் தங்கிக்கும். உடனே காட்டாது.”

“எங்க புள்ளைங்களும் அதே சட்டியிலதானுங்க தின்னாங்க” என்றேன். எத்தனையோ வருஷத்தில் அந்த ஊர்ப் பேச்சு எனக்கும் வந்துவிட்டிருந்தது.

டாக்டர் குனிந்து சீட்டை எழுதி நீட்டினார்.

வரும் வழியெல்லாம் பூனை மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நல்ல சாட்சி சொன்னது அது. அன்று இரவு பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு அவர்களுடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஏனுங்கம்மா இப்பிடிப் பாக்கறீங்க?” என்றாள் மகள்.

சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவருக்குப் புரிந்துவிட்டது. மெல்ல எங்கள் பக்கம் திரும்பினார்.

“பூனைக்கு அவ்வளவு ஆயுசு ஏது புள்ளே? அதான் நமக்குத் தெரியாமப் போச்சு. இனி புள்ளைங்களைப் பாத்து பயப்படாத. எனக்கு என்ன ஆகுதுன்னு பாத்துக்குங்க. இந்த ஊட்டுக்கு இப்ப நான்தான் பூனை.”

விளையாட்டென்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் சோற்றைப் பிசைந்து முதல் உருண்டையை அவர் வாயருகே கொண்டுபோனேன். அன்றைக்கு அவர் என் கையைத் தள்ளவில்லை.