குசினி இல்லாத அறை

பிளேன் ரிக்கெற் விற்க உட்கார்ந்தவளிடம் எங்கட சனம் ரிக்கெற் மட்டும் கேட்காது, குடும்ப வழக்குக்குத் தீர்ப்பும் சேர்த்துத்தான் கேட்கும். லண்டன் டூட்டிங்கில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே கொம்பியூட்டரோடு நான் மாரடிக்கத் தொடங்கிக் கனகாலம். இதே தொழிலில் இருக்கிற சகோதரங்களே, உங்களுக்கு இது புதினமாக இராது. ஆனாலும் வாசியுங்கோ, தனியாக வயிறு எரிவதைவிடக் கூட்டாக எரிவது சுகம்.

ஆளில்லாத ஊர்

ரீத்தா அக்கா படியேறி வந்து, மூச்சு வாங்கிக் கதிரையில் இருந்தார். டொக்டர் அவருடைய முழங்காலைப் பார்த்துவிட்டு, தூரப் பயணம் ஏதும் இருந்தால் இந்த வருஷத்தோடு முடிக்கச் சொல்லிவிட்டாராம். அக்கா போகாத நாடில்லை. ஆனால் கனடாவில் எல்லாரும் நயாகராவுக்குப் போனபோது மச்சாளின் குசினியில் வெங்காயம் உரித்தார். பாரிஸில் பெறாமகள் வீட்டில் மீன் வெட்டினார். சுவிஸில் மலை யன்னலால் தெரிந்ததாம், கை இரண்டும் மாவுக்குள் இருந்ததாம். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் பெம்பிளை சும்மா இருக்க ஏலுமோ?

"எங்கட ஆக்கள் இல்லாத இடம் ஒண்டு சொல்லு" என்றார். நோர்வே என்றேன், கணவரின் மருமகன் இருக்கிறாராம். ஐஸ்லாந்து என்றேன், பாவி, அங்கேயும் யாரோ! கடைசியில் அமெரிக்காவில், அரிசோனாப் பாலைவனத்தில் இருக்கிற பெரிய பள்ளத்தாக்கின் படத்தைத் திருப்பிக் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்தார்.

"ஒரு வீடும் தெரியேல்லை. இதிலையே புக் பண்ணு பிள்ளை."

கிட்டத்தான்

அடுத்த நாள் அவருடைய கணவர் எமில் அண்ணை தனியாக வந்தார். பஸ் ஓட்டி ஓய்வெடுத்தவர். சொந்தம் இருக்கிற நாட்டில் ஹோட்டலில் தங்கினால் சனம் என்ன கதைக்கும் என்பது அவர் கவலை. மாதா கோயிலில் நாலு பேரை விசாரித்து, பீனிக்ஸ் நகரத்தில் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரைக் கண்டுபிடித்தும் விட்டார்; பள்ளத்தாக்குக்குக் கிட்டத்தானாம், அங்கேயே தங்கலாமாம். அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு மூன்றரை மணித்தியாலக் கார் ஓட்டம் அண்ணை, அதைப் பக்கம் என்று சொல்லாதேங்கோ என்றேன்.

"லண்டனுக்குள்ளையே டூட்டிங்கிலையிருந்து மனோர் பார்க் போய்ச் சேர, சனிக்கிழமையிலை அவ்வளவு செல்லும் பிள்ளை!"

விளிம்பில் ஓர் அறை

பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே உள்ள விடுதிகள் ஒரு வருஷத்துக்கு முன்பே நிரம்பிவிடும். பள்ளத்தாக்குப் பூங்காவின் வாசலுக்கு வெளியே உள்ள சின்ன ஊரில் குசினியோடு ஒரு அறை கிடந்தது. எமில் அண்ணைக்கு வாயெல்லாம் பல். நான் அதைத் தொடவில்லை. விளிம்பில் புக் பண்ணின அறையை யாராவது கைவிடுவார்களா என்று தினமும் காலையில் தேநீர்கூடப் போடாமல் திரையைப் பார்த்தேன். ஒருநாள் விழுந்தது: விளிம்பில், நாலு இரவு, அடுப்பென்று ஒன்றுமே இல்லாத அறை. தனியாக இருந்து கை தட்டினேன்.

அண்ணை கடைசி அம்பை எடுத்தார். ஞாயிறு பூசை விட்டால் பாவமாம், அதற்குப் பீனிக்ஸுக்குத்தான் போகவேண்டுமாம். நான் விடுதிக்குப் போன் பண்ணி விசாரித்தேன். பக்கத்திலேயே பூசை நடக்கிறது என்றார்கள். அண்ணையின் முகம் விழுந்துவிட்டது.

"அந்தப் பள்ளத்துக்கையும் பாதர் வந்திட்டாரோ?"

பீனிக்ஸ் அழைக்கிறது

பயணத்துக்கு ஒரு மாதம் இருக்க, அந்த ஒன்றுவிட்ட தம்பியின் மனைவி எனக்குப் போன் எடுத்தார். ஐயோ, விருந்துக்கு இழுக்கப்போகிறார், அக்காவின் கடைசிப் பயணமும் குசினியிலேயே முடியப்போகிறது என்று பயந்துபோனேன். அவரோ, கணவருக்குக் கேட்காமல் இரகசியமாகக் கதைத்தார். அவை எங்கட வீட்டிலை தங்குவினமோ என்றார். இல்லை, அறை எடுத்தாச்சு என்றேன். பெரிய மூச்சொன்று கேட்டது.

"அந்தப் பள்ளத்தைப் பாக்க வாற சனத்துக்கெல்லாம் சமைச்சுக் குடுத்து அனுப்பினதுதான், நான் இன்னும் அதைக் கண்ணாலை காணேல்லை. எனக்கும் பக்கத்திலை ஒரு அறை எடுத்துத் தாங்கோ, குசினி வேண்டாம்."

திரும்பி வந்தபின்

ரீத்தா அக்கா போனில் படம் காட்டினார். விளிம்பில் உட்கார ஒரு மர வாங்கு. அதில் இரண்டு பெம்பிளையள், அக்காவும் நான் பிறகு இன்னொரு அறை பிடித்துக் கொடுத்த பீனிக்ஸ்காரியும், கால் நீட்டி இருக்கிறார்கள், முன்னால் செக்கச் செவேலென்று முழுப் பள்ளத்தாக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். ஆம்பிளையள் எங்கே என்று கேட்டேன். எமில் அண்ணை பெட்டிக்குள் சேட்டுகளுக்குக் கீழே றைஸ் குக்கரை ஒளித்துக் கொண்டுபோயிருக்கிறார். அமெரிக்கக் கரண்டில் லண்டன் குக்கர் சூடேறவில்லை. அண்ணனும் தம்பியும் பின்னேரம் முழுக்க அதற்குக் காவல் இருந்து, கடைசியில் வாங்குக்கு ஓடிவந்து, அரிசி வேகேல்லை, என்ன செய்யிறது என்று கேட்டார்களாம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள் அக்கா?"

"பள்ளம் பெரிசு, காது கேக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

இத்தனை காலத்தில் நான் படித்தது இவ்வளவுதான்: காட்சி தெரிகிற அறையை எந்தக் கொம்பியூட்டரும் எடுத்துக் கொடுக்கும், எங்கட பெம்பிளையளை அந்தக் காட்சிக்கு முன்னால் இருத்தி வைக்கத்தான் என்னைப்போல ஒருத்தி வேணும்.