இலவசப் படத்தில் நின்றவர்

வலைப்பதிவுக்கு இலவசமாகவும் சட்டச் சிக்கல் இல்லாமலும் படம் தேடுவதைப் பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு ஒன்று தெரியும்: உலகத்தில் எல்லாவற்றுக்கும் இலவசப் படம் இருக்கிறது, எங்களுக்கு வேண்டியதற்கு மட்டும் இருக்காது. பதிவை மத்தியானமே எழுதி முடித்துவிட்டு, ஒரே ஒரு படத்துக்காகப் பொழுதுபடும் வரை கண் எரிய உட்கார்ந்திருந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள், படம்தானே, ஒன்றைப் போட்டுவிட வேண்டியதுதானே என்பார்கள்.

நான் வேலை செய்வது கொக்குவிலில், ரயில் கடவைக்குக் கிட்ட ஒரு வீட்டின் முன்னறையில். கந்தோர், அதாவது அலுவலகம், என்று பெயர், உள்ளே மூன்று கணினியும் ஒரு மின்விசிறியும்தான். முதலாளியை சிவா அண்ணை என்போம். வெளிநாட்டிலுள்ள எங்கள் ஆட்களுக்கும் இங்குள்ள விடுதிகளுக்கும் கடைகளுக்கும் வலைப்பதிவு செய்து கொடுக்கிறோம். எழுதுவது தர்சினி, படம் தேடுவது நான். சிரிக்கக்கூடிய கதைகள் இரண்டு மூன்று உண்டு, அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது, ரெஜினா அக்கா செத்துப்போன தன் புருஷனின் முகத்தைத் தேடி எங்கள் கந்தோருக்கு வந்த கதையை.

வேலிக்கு வெளியே விழுந்த மாங்காய்

முன்பெல்லாம் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடும் கிடையாது. இணையத்தில் கண்ட படத்தை எடுப்போம், ஒட்டுவோம், அடுத்த வேலைக்குப் போவோம். ஒருநாள் ஒரு விடுதிக்குப் போட்ட சூரியன் மறையும் படத்துக்காக வெளிநாட்டுச் சட்டத்தரணி ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சூரியன் எல்லாருக்கும் பொதுதானே என்று சிவா அண்ணை வாதாடிப் பார்த்தார். சூரியன் பொது, படம் பொது இல்லை என்று மறுபடியும் மின்னஞ்சல் வந்தது. மன்னிப்புக் கேட்டுப் படத்தை எடுத்த பிறகும் மனிதர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அன்றோடு புதுச்சட்டம் வந்தது. இலவசம் என்று எழுதியிருக்கிற படத்தை மட்டும்தான் தொடலாம், அப்படி எழுதியிருக்கிற பக்கத்தையும் பிரதி எடுத்து வைக்க வேண்டும். நான் கொஞ்சம் முணுமுணுத்தேன். அதற்கு அவர் சொன்னது: "பிள்ளை, வேலிக்கு இஞ்சாலை எங்கடை பக்கம் விழுந்த மாங்காயெண்டாலும், வீட்டுக்காரன் எடெண்டு எழுதித் தந்தால்தான் எடுக்கவேணும்."

வராத டொக்டர்

இலவசப் படங்களில் வைத்தியர் என்று தேடிப் பாருங்கள். பொன்னிறத் தலைமயிரும் முத்துப் பல்லுமாய் வெள்ளைக்காரர்கள் வரிசையாய் வந்து நிற்பார்கள். ஒரு தனியார் மருத்துவ நிலையத்தின் பதிவுக்கு, வேறு வழியில்லாமல் அப்படி ஒருவரைப் போட்டேன். மூட்டு வலியைப் பற்றிய பதிவு அது.

கொடிகாமத்திலிருந்து மரக்கறி வியாபாரி ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி அந்த மருத்துவ நிலையத்துக்குப் போயிருக்கிறார். படத்தில் சிரிக்கிற டொக்டர்தான் வேண்டும், அங்கே இருந்த எங்கள் ஊர் டொக்டரிடம் காலைக் காட்ட மாட்டேன் என்றாராம். அவர்கள் விலாசம் சொல்லி அனுப்ப, எங்கள் கந்தோருக்கே வந்துவிட்டார். வலியில் முகம் சுருங்கிப் போயிருந்தது. கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, அந்த வெள்ளைக்கார டொக்டர் வெறும் படம் என்று விளங்கப்படுத்தினோம். எழும்பிப் போகும்போது சொன்னார்: "இல்லாத ஆளை எதுக்குப் பிள்ளை சிரிக்க வைக்கிறியள்?"

கூழுக்குப் படம் இல்லை

கனடாவில் ஒரு அக்கா சமையல் பதிவு நடத்துகிறார். பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சுகிற ஒடியற்கூழைப் பற்றி உருகி உருகி எழுதச் சொல்லிவிட்டு, படமும் கேட்டார். எந்த இலவசத் தளத்திலும் ஒடியற்கூழ் இல்லை. தக்காளி ரசம் இருந்தது, தாய்லாந்து சூப் இருந்தது. கடைசியில் தர்சினியின் வீட்டில் கூழ் காய்ச்சி, நாங்களே படமெடுத்தோம். கூழ் நல்ல ருசி, வழித்துக் குடித்தோம். படம்தான் கைவிட்டுவிட்டது. அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது: "பிள்ளையள், உதைப் பாத்தால் பசிக்கேல்லை, வீடு கட்டலாம் போலை கிடக்கு."

"மீனவர், ஆசியா"

இப்படி வறண்டு கிடந்த காலத்தில்தான் அந்தப் படம் கிடைத்தது. இடுப்பளவு தண்ணீரில் ஒருவர், வலைக்கு நட்ட தடியை ஒரு கையால் பிடித்தபடி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். பின்னால் கரையில், மாதா சிலை வைத்த ஒரு சின்னக் கூடு. அதைப் பார்த்ததும், இங்கே பக்கத்துக் கொழும்புத்துறைக் கரை என்று தெரிந்துகொண்டேன். எடுத்தவர் யாரோ ஒரு சுற்றுலாப் பயணி. யாரும் எதற்கும் கேட்காமல் பயன்படுத்தலாம், பெயர்கூடப் போடத் தேவையில்லை என்று எழுதியிருந்தார். படத்தின் தலைப்பு "மீனவர், ஆசியா" என்பது மட்டும்தான்.

அதன்பிறகு அந்த மனிதருக்கு ஓய்வில்லை. விடுதிப் பதிவுக்கு அவர், கனடா அக்காவின் இறால் கறிக்கு அவர், கடல் சூடாவதைப் பற்றிய கட்டுரைக்கு அவர், பொறுமையே பெருமை என்ற பதிவுக்கும் அவர். ஒரே படம் என்று தெரியாமல் இருக்க, எங்கள் தொழில் வழக்கப்படி அவரை இடம் வலமாகத் திருப்பினோம், ஓரங்களை வெட்டினோம், பக்கம் கெதியாய்த் திறக்கவேண்டும் என்று சின்னதாக்கினோம். கந்தோரில் அவருக்கு "எங்கடை ஆள்" என்றே பெயர். தர்சினி சொல்வாள்: "அக்கா, உந்த மனிசன் எங்களுக்கு உழைச்சுக் களைச்சுப் போச்சு."

ரெஜினா அக்கா

ஒரு காலை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். கொழும்புத்துறையிலிருந்து வருகிறேன், பெயர் ரெஜினா என்றார். கைபேசியில் எங்கள் இறால் கறிப் பதிவு. பிரான்சிலிருக்கும் தங்கச்சி பார்த்துவிட்டு அனுப்பியதாம். படத்தில் நிற்பது தன் புருஷன் போலிருக்கிறது என்றார். சிவா அண்ணைக்கு வியர்த்துவிட்டது. நட்டஈடு கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, பிரதி எடுத்து வைத்திருந்த பக்கத்தை ஓடிப்போய் எடுத்துவந்து, "ஆரும், எதுக்கும், கேக்காமல் பாவிக்கலாமெண்டு போட்டிருக்கு அக்கா" என்று வரி வரியாக மொழிபெயர்த்தார்.

ரெஜினா அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகத் தன் கதையைச் சொன்னார். புருஷன் அந்தோனி போன வருசம் கடலில் போய்விட்டார். உடம்பு கிடைத்தது, ஆனால் சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை. கலியாணம் போரில் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் நடந்ததால் கலியாணப் படம் கிடையாது. குடும்பத்துப் படங்கள் எல்லாம் இருந்த கைபேசி அவர் மடியோடு தண்ணீருக்குள் போய்விட்டது. மிஞ்சினது அடையாள அட்டையின் போட்டோக் கொப்பி. அதில் இருப்பது மீசை முளைக்காத ஒரு பயந்த பெடியன். அவருடைய முதலாம் ஆண்டுப் பூசை வருகிறது, வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவு அட்டைக்கு முகம் வேண்டும். சிவா அண்ணை அந்தப் பக்கத்தை இன்னும் கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றார். ரெஜினா அக்கா கேட்டார்: "எல்லாரும் பாவிக்கலாமெண்டால், நானும் பாவிக்கலாமோ தம்பி?"

மற்றப் பக்கத்துக் காயம்

படத்தைத் தருவதில் எங்களுக்கு என்ன தடை? உடனே தருகிறேன் என்றேன். அவர் கையைக் காட்டி மறித்தார். "என்ரை மோன் சொல்லுறான் உது அப்பா இல்லையாம். அவருக்குத் திருக்கை மீன் முள் குத்தின காயம் வலக்கையிலை. உதிலை இடக்கையிலை கிடக்கு. மாதா கூடும் எங்கடை கரையிலை நிக்கிற பக்கம் நிக்கேல்லை. வேறை தேசத்து ஆளாம். வேறை ஆரின்ரையோ புருசனுக்கு நான் பூசை வைக்கப் போறனாம்." அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. முப்பது வருசம் பார்த்த முகத்தை, தனக்கே இப்போது சந்தேகமாக்கிவிட்டார்கள் என்றார்.

படத்தைக் கணினியில் திறந்து, அவரைப் பக்கத்தில் இருத்தி, நாங்கள் திருப்பினதை மறுபடியும் திருப்பினேன். ஒரு சொடுக்குத்தான். காயம் வலக்கைக்குப் போனது, மாதா கூடு தன் இடத்துக்கு வந்தது, அந்தோனி கொழும்புத்துறையில் நின்றார். ரெஜினா அக்கா சிலுவை அடையாளம் போட்டார். அழவில்லை. திரையில் அந்தக் காயத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "மோன் படலையடியிலை நிக்கிறான், உது அப்பா இல்லையெண்டு உள்ளை வராமல். கூப்பிடட்டே?"

வடிவான முகம்

அட்டைக்குப் பெரிய படம் வேண்டும். எங்களிடம் இருந்ததோ நாங்களே சின்னதாக்கிய படம். மூலப்படத்தைத் தேடிப் போனால், அந்தச் சுற்றுலாப் பயணி தன் பக்கத்தையே மூடிவிட்டிருந்தார். பெயரும் இல்லை, ஊரும் இல்லை. இலவசமாகத் தந்தவர்களிடம் திருப்பிக் கேட்கவும் வழியில்லை என்பது அன்றுதான் உறைத்தது. கடைசியில், சின்னப் படத்தைப் பெரிதாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றில் போட்டேன்.

வந்த முகம் கண்ணாடி போல் தெளிவு. வெயிலில் கறுத்த தோல் வெளுத்து, நெற்றிச் சுருக்கம் போய், வாயில் வரிசையாகப் பல் முளைத்திருந்தது. கையிலிருந்த காயத்தை அழுக்கென்று நினைத்து மென்பொருள் துடைத்துவிட்டது. ரெஜினா அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினோம். நன்றாயிருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாயிருந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வடிவான ஆள்தான் பிள்ளை. ஆனால் உவரோடை நான் குடும்பம் நடத்தேல்லை."

ஆண்டுப் பூசை

சின்னப் படத்தைச் சின்னதாகவே அச்சிட்டோம். நினைவு அட்டையின் நடுவில், தீப்பெட்டி அளவில், கொஞ்சம் கலங்கலாக அந்தோனி நின்றார். படமெடுத்தவருக்கு நன்றி போடத் தேவையில்லை என்று சிவா அண்ணை சொல்லியும் ரெஜினா அக்கா கேட்கவில்லை. "படம் எடுத்த, பெயர் தெரியாத பிள்ளைக்கு நன்றி" என்று கீழே ஒரு வரி போட்டார்.

பூசைக்கு நானும் தர்சினியும் போனோம். மகன்தான் வாசலில் நின்று எல்லாருக்கும் அட்டை கொடுத்தான். எங்களுக்கு முன் வாங்குப் பலகையில் இருந்த ஒரு வயதான உறவினர் அட்டையைக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார், பிறகு பக்கத்திலிருந்தவருக்குக் கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அந்தோனியை நான் உந்த இறால் கறியோடையெல்லோ பாத்தனான்."

இன்னொரு கரையில்

எங்கள் பதிவுகள் எல்லாவற்றிலிருந்தும் அந்தப் படத்தை எடுத்துவிட்டோம். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன மாதம் ரெஜினா அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். தங்கச்சி மறுபடியும் ஒன்று அனுப்பியிருக்கிறார். ஏதோ ஒரு நாட்டுப் பதிவில், தனிமையைப் பற்றிய கட்டுரையில், அந்தோனி நிற்கிறார். எங்கள் பதிவிலிருந்து எடுத்த படம்தான், நாங்கள் திருப்பினபடியே இருக்கிறது. காயம் இடக்கையில்.

சிவா அண்ணை தலையில் கை வைத்தார். இலவசப் படத்துக்கு யார் மேல் வழக்குப் போடுவது? ஆனாலும் அவர்களுக்கு எழுதி எப்படியாவது எடுக்கச் சொல்கிறேன் என்று ரெஜினா அக்காவிடம் சொன்னேன். அவர் மறித்துச் சொன்னார்: "எடுக்கச் சொல்லாதை பிள்ளை, அவர் நிக்கட்டும். ஆளை நேரே திருப்பிவிடச் சொல்லு, எனக்கு அவ்வளவு காணும்."

அந்தப் பதிவுக்காரருக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறேன். ஒரு படத்தை எடுத்துப் போட ஒருவரையும் கேட்கத் தேவையில்லாத எங்கள் தொழிலில், அதில் நிற்கிற மனிதரை நேரே நிற்க வைக்கத்தான் இவ்வளவு கெஞ்ச வேண்டியிருக்கிறது.