ஆர்லோ உடைத்த துப்பாக்கி

எங்கள் பக்கத்து வீட்டு ஆர்லோ பீச்சம் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்ப்பவர். ஜப்பான் ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்க்கிறார். அதிலும் இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அவசர அவசரமாகச் செய்தவற்றை மட்டும். கட்டையில் அரம் தேய்த்த தழும்பு அப்படியே இருக்கும். தோளில் பதியும் இடத்தில் இரும்புத் தகட்டுக்குப் பதில் பலகைத் துண்டை ஆணியடித்திருப்பார்கள். பென்சில்வேனியாவில் எங்கள் ஊரில் துப்பாக்கி இல்லாத வீடு குறைவு. ஆனால் இவ்வளவு அசிங்கமானவற்றை வேறு யாரும் வைத்திருக்கவில்லை.

"அடுப்புல போட வேண்டியதைச் சுவத்துல மாட்டி வெச்சிருக்கியேய்யா" என்பார் அப்பா.

"பாக்கத்தான் அசிங்கம். இரும்பு உறுதி. நான் சுட்டுப் பாத்திருக்கேன், நீ பாத்தியா?"

இந்தப் பெருமைப் பேச்சுதான் வினையானது. பெரியப்பா இறந்த பிறகு அவர் வீட்டுப் பரணில் ஒரு ஜப்பான் துப்பாக்கி கிடைத்தது. தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது. மான் வேட்டை தொடங்கும் நாளில் அதைத்தான் எடுத்துப்போவேன் என்று அப்பா தோட்டாவும் வாங்கிவிட்டார்.

ஆர்லோ குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"வெண்டல், இதைச் சுடாதே. இது பள்ளிக்கூடப் பசங்க கவாத்து பழகச் செஞ்சது. குண்டில்லாத வெத்து வெடிதான் தாங்கும். குண்டைச் சுழல வெக்கிற திருகு வரியே உள்ள இல்ல, பாரு."

"தேஞ்சிருக்கும். அசிங்கமா இருந்தாலும் உறுதின்னு நீதானே சொன்னே?"

"அது ராணுவத்துக்குச் செஞ்சது. இது வார்ப்பு இரும்புய்யா. வெடிச்சா, பின்னால தோட்டாவை அடைச்சு நிக்கிற போல்ட் உன் கண்ணுலதான் வந்து நிக்கும்."

அப்பா சிரித்தார். "புரிஞ்சுபோச்சு. மட்டம் தட்டி மலிவா அமுக்கப் பாக்குறே."

துப்பாக்கிச் சந்தையில் எல்லோரும் செய்வது அதுதான். பிடித்ததைக் குப்பை என்பார்கள், பிறகு வாங்கிப்போவார்கள். ஆர்லோ எழுந்து போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை அவரே ஒரு துப்பாக்கியோடு வந்தார். அப்பாவுடையதைப் போன்ற அதே கவாத்துத் துப்பாக்கி. கட்டையில் ஏதோ ஒரு ஜப்பான் பள்ளியின் சூட்டு முத்திரை இருந்தது. முத்திரையோடு ஒன்று வேண்டும் என்று ஊர் ஊராகத் தேடி, போன கோடையில்தான் வாங்கியிருந்தார். அதை எங்கள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பழைய பேருந்து டயரில் கட்டினார். அப்பா வாங்கிய தோட்டாவையே கேட்டு வாங்கிப் போட்டார். விசையில் நீளக் கயிறு கட்டி, எங்களை விறகு அடுக்குக்குப் பின்னால் இழுத்துப்போனார்.

"கிறுக்கு பிடிச்சிருக்கா? அது நீ தேடித் தேடி வாங்கினதுய்யா!"

"இன்னொண்ணு கிடைக்கும். நீ குனி."

கயிற்றை இழுத்தார். காது அடைத்துப்போனது. எழுந்து போய்ப் பார்த்தோம். துப்பாக்கி நடுவில் பிளந்து கிடந்தது. போல்ட் பின்னால் பறந்து கொட்டகைப் பலகையில் ஆழமாகச் செருகியிருந்தது. அப்பா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஒட்ட முடியுமா?"

"பசை போட்டா?"

"அப்போ என்னோடதை எடுத்துக்க, ஆர்லோ."

"மலிவா அமுக்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லவா? உங்கப்பா கொண்டுவந்தது. உன் சுவத்துல தொங்கட்டும்."

அப்பா தன் வழக்கமான துப்பாக்கியோடுதான் வேட்டைக்குப் போனார். முதல் மானின் பின்தொடை ஆர்லோ வீட்டுக்குப் போனது.

பள்ளி முடித்த நான் கல்லூரிக்குப் போகமாட்டேன் என்கிறேன். சாப்பாட்டு மேசையில் அப்பா தினமும் என்னை முறைக்கிறார். இரண்டு கண்ணாலும் முறைக்கிறார். அந்த நேரத்தில் எதிர்த்துப் பேசத்தான் தோன்றுகிறது. பிறகு ஜன்னல் வழியே ஆர்லோ வீட்டு விளக்கைப் பார்த்து, மனத்துக்குள் அவருக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.