ஏகப்பன் வெளுத்த இடது கதவு

ஏகப்பனுக்கு எதிர்வீட்டில் வெகுகாலமாகக் குடியிருக்கிறேன். இத்தனை காலத்தில் அவர் ஒரு வேலையை முழுசாகச் செய்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெரிய வீட்டில் அவருக்குப் பாதி, பங்காளி வள்ளியப்பனுக்குப் பாதி. முற்றத்தைப் பெருக்கினாலும் பாதியோடு விளக்குமாற்றைச் சாத்திவிடுவார். தெருவாசல் இரட்டைக் கதவில்கூட இடது கதவு இவருடையது, வலது கதவு வள்ளியப்பனுடையது. இப்படியும் ஒரு பிறவி.

வலது கதவுக்கு நேர் மேலே ஓடு உடைந்து, மழைக்கு மழை ஒழுகியது.

"வாசல் பொதுதானே, ரெண்டு பேருமாச் சேந்து மாத்துவோம்ணே" என்றார் வள்ளியப்பன்.

"எவன் கதவுக்கு மேல ஒழுகுதோ அவன்தான் ஓடு மாத்தணும்" என்றார் ஏகப்பன், ஏதோ சட்டம் எழுதியவர் மாதிரி.

வார்னிஷ் காணாத பர்மாத் தேக்கு தண்ணீரைக் குடித்துக் குடித்து வலது கதவு கறுத்தது; சாரல் பட்ட இடது கதவும் சேர்ந்து கறுத்துப்போனது.

தொண்ணூற்றாறில் ஏகப்பன் மகள் சிகப்பியைப் பெண் பார்க்க தேவகோட்டையிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். பெரிய இடம். இந்தச் சம்பந்தம் தட்டிப்போய்விடக் கூடாதே என்று மனிதர் தூக்கம் கெட்டு அலைந்தார். ஹார்டுவேர் கடையில் ஆக்சாலிக் ஆசிட் வாங்கி வந்து, வெந்நீரில் கரைத்து, பிரஷ்ஷால் தடவி, கறை போனதும் கழுவினார். இடது கதவை மட்டும். வழிகிற தண்ணீர் பட்டு வள்ளியப்பன் கதவும் ஓசியில் வெளுத்துவிடக் கூடாதென்று நடுவில் துண்டை அண்டக்கொடுத்திருந்தார். எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னையும் அழைத்திருந்தார். மாப்பிள்ளையின் தாயார் தேனம்மை ஆச்சி வாசலிலேயே நின்று, வெளுத்த கதவை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது என்ன, புதுசாப் போட்ட கட்டையா? பழைய கதவ வித்துட்டீகளா?"

கதவை விற்றுச் சாப்பிடுகிற வீடு என்று பேர் வந்தால் எவர் பெண்ணெடுப்பார்கள்?

"அந்தக் கறுத்ததுதானே அசல் பர்மா? இதுல உங்க பங்கு எது?" என்று கேட்டார் ஆச்சி.

வள்ளியப்பன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அந்தக் கூச்சம்கூட இல்லை இந்த மனிதருக்கு.

"கறுத்ததுதான் ஆச்சி எங்க பங்கு. வெளுத்தது தம்பியோடது" என்றார் ஏகப்பன்.

வள்ளியப்பன் மறுக்கவில்லை. நிதானமாக மேலே கையைக் காட்டினார்.

"பாத்து வாங்க ஆச்சி, சொட்டும். அண்ணே கதவுக்கு மேலதான் ஒழுகுது. கல்யாணத்துக்குள்ள அண்ணே செலவுலயே புது ஓடு போட்டுருவாக."

ஆச்சி திரும்பி ஏகப்பனைப் பார்த்தார். ஏகப்பன் தலையை ஆட்டினார். அதை மட்டும் முழுசாக ஆட்டினார்.